நொண்டாத நாட்களின் நோய்

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் வெயில் தணிந்து சதுப்பு நிலத்தின் பக்கமிருந்து காற்று புறப்படுகிற மாலை வேளைகளில், அடுக்குமாடிக் கட்டடங்களின் வாயில்களிலிருந்து நாய்களுடன் உலாவ வருகிறவர்களைச் சிறிது நேரம் கவனித்துக்கொண்டிருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு காலை முழுவதும் ஊன்றாமல் தாங்கித் தாங்கி நடப்பது கண்ணில் படாமல் போகாது. விசாரித்தால், எஜமானர் சொல்லும் விடையும் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும்: "காலைல எழுந்திரிக்கும்போது தாங்கும் சார், கொஞ்ச தூரம் நடந்தா சரியாயிடும். போன மாசமும் இப்படித்தான் இருந்துச்சு, தானா போயிடுச்சு." தானாகப் போய்விட்டது என்னும் அந்த ஆறுதலைத்தான் இங்கே சற்று ஆராய வேண்டியிருக்கிறது. வந்து, போய், மீண்டும் வருகிற நொண்டலைப் பற்றிக் கால்நடை மருத்துவம் இன்று அறிந்திருப்பவற்றுள் முதன்மையானது, நொண்டல் போன நாட்களிலும் பெரும்பாலும் நோய் போவதில்லை என்பதே. ஆகவே தம் நாயின் மூட்டைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு, அது நொண்டுகிற நாட்களைக் காட்டிலும் நொண்டாத நாட்களில்தான் வேலை அதிகம்.

முதலில் எளியவற்றை ஒதுக்கிவிடலாம். காலி மனைகளில் சீமைக் கருவேலம் மண்டிய ஊர் இது; பாதத்தின் கறுப்பு மெத்தைகளுக்கு நடுவே ஒடிந்து நிற்கும் முள்ளும், கட்டட வேலை நடந்த இடத்துக் கண்ணாடிச் சில்லும், பிளந்த நகமும், நண்பகல் தார்ச்சாலையில் வெந்த தோலும் அன்றாடக் காரணங்கள். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தால் இவை அகப்பட்டுவிடும். குதித்ததில் சுளுக்கிய காலும் ஒன்றிரண்டு வார ஓய்வில் குணமாகிவிடும். ஒரே காலிலோ, கால் மாற்றிக் காலிலோ, சில வாரங்களுக்கு ஒரு முறை திரும்பித் திரும்பி வருகிற நொண்டலுக்கு மட்டும் காரணத்தைப் பாதத்துக்கு மேலே, எலும்பும் எலும்பும் சந்திக்கிற இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

அவ்விடங்களின் அமைப்பே விசித்திரமானது. சந்திக்கிற இரண்டு எலும்புகளின் முனைகளையும் மெல்லிய, வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது; இரண்டையும் சேர்த்து ஒரு சவ்வுப்பை சூழ்ந்திருக்கிறது; அப்பையின் உட்சுவர் சுரக்கிற பிசுபிசுப்பான நீர் நடுவே நின்று உராய்வைத் தணிக்கிறது. இந்தக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வந்து சேராத அந்தப் பொருள் உயிர்வாழ்வது எப்படியென்றால், நாய் காலை ஊன்றும்போது நசுங்கித் தன்னுள் இருக்கும் நீரை வெளிவிட்டும், காலைத் தூக்கும்போது விரிந்து மூட்டு நீரை உறிஞ்சியும், ஈரப் பஞ்சைப் போல, அந்நீரின் வழியாகவே தன் ஆகாரத்தைப் பெற்றுக்கொள்கிறது. மூட்டு நோயுற்ற நாயைக் கூண்டில் அடைத்து மாதக்கணக்கில் அசையாமல் வைப்பது ஏன் கெடுதல் என்பதற்கு இதுவே காரணம்.

நரம்பு இல்லாததன் விளைவோ இன்னும் வஞ்சகமானது. குருத்தெலும்பு தேய்கிறபோது நாய்க்கு ஒன்றும் தெரிவதில்லை. தேய்மானத்தின் துகள்கள் சவ்வுப்பையின் உட்சுவரை உறுத்தி, அச்சுவர் அழன்று வீங்கி, நீர் கோத்துக்கொள்கிறபோதுதான், அல்லது குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு வரை சேதம் எட்டுகிறபோதுதான், வலி என்பதே முதன்முதலாகத் தோன்றுகிறது. அழற்சி ஏறி இறங்கும் இயல்புடையது. ஓய்வு கொடுத்தால் தணியும், ஓடவிட்டால் கிளம்பும். அழற்சி தணிந்ததும் வலியும் நொண்டலும் போய்விடுகின்றன. தேய்ந்த குருத்தெலும்பு மட்டும் தேய்ந்தபடியே நிற்கிறது, ஏனெனில் ரத்தமில்லாத இடத்தில் புண் ஆறுவது அரிது. இவ்வாறு ஒவ்வொரு முறை 'சரியாகிவிட்டது' என்று நாம் மகிழ்கிறபோதும், மூட்டு முன்பிருந்ததைவிட ஒரு படி கீழேதான் இருக்கிறது.

இதற்கு மேல், நாய் என்னும் பிராணிக்குத் தன் வலியை மறைக்கும் சாமர்த்தியமும் உண்டு. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களும், 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. பின்னங்கால் ஒன்று நோகத் தொடங்கினால், பாரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குத் தள்ளி, வெளிக்கு ஒழுங்காகவே நடந்துவிடும். பாரம் குறைந்த தொடையில் தசை மெலியும். இரு தொடைகளையும் ஒரே சமயத்தில் இரு கைகளாலும் பற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். நடையிலும் படிப்பதற்கு அடையாளம் இருக்கிறது. நோவு முன்னங்காலில் இருந்தால், அக்கால் தரையைத் தொடும் கணத்தில் நாய் தலையை உயர்த்தும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். தலை தாழ்கிற பக்கத்துக் காலைத்தான் நோயுள்ள கால் என்று பலரும் தவறாகப் பிடித்து அமுக்குகிறார்கள். பின்னங்காலில் நோவு என்றால் தலையைக் காட்டிலும் இடுப்பைப் பார்க்க வேண்டும். நோகிற பக்கம் அதிகமாக மேலேறி இறங்கும்.

மூட்டுகளுள் அதிகத் துயரம் விளைவிப்பது இடுப்பு. பாஸ்டன் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஷ்னெல்லே 1935-இல் நாயின் இடுப்புக் குறைபாட்டை எக்ஸ்ரே மூலம் முதன்முதலாக விவரித்தபோது அதை ஓர் அபூர்வ நோயாகவே கருதினர். இன்று 'ஹிப் டிஸ்பிளாசியா' என்னும் பெயரில், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், கோல்டன் ரெட்ரீவர் முதலான பெரிய இனங்களை வளர்ப்போர் எல்லாருக்கும் அது பரிச்சயமாகிவிட்டது. குட்டி பிறக்கும்போது இடுப்பு சரியாகவே இருக்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே, தொடை எலும்பின் பந்து முனை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் இறுக்கமாக அமராமல் தளரத் தொடங்குகிறது. எலும்பு வளர்கிற மாதங்களில் பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று அழுத்தித்தான் சரியான வடிவம் பெறுகின்றன ஆகையால், தளர்ந்த மூட்டில் கிண்ணம் ஆழமின்றியும் பந்து தட்டையாகவும் உருவாகிவிடுகின்றன.

இந்நோயின் நடத்தை நம் விஷயத்துக்கு நேரான உதாரணம். ஐந்தாறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இளநாய் முதன்முறையாக நொண்டுகிறது; முயலைப் போல் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துவைத்துத் தாவுகிறது; மாடிப்படியில் தயங்குகிறது. ஒன்றரை வயதை நெருங்குகையில், தளர்ந்த மூட்டைச் சுற்றிச் சவ்வுப்பை தடித்து இறுகிக்கொள்ளவே, வலி தணிந்து, நாய் மறுபடியும் துள்ளி ஓடுகிறது. வீட்டார் பழைய நொண்டலை மறந்துவிடுகிறார்கள். அதன்பின் நான்கைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒன்றுமில்லாமல் கழிந்து, நடுவயதில் மூட்டுவாதமாக அது திரும்பி வருகிறபோது, 'வயசாயிடுச்சு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நொண்டாத நாட்கள் என்று நாம் சொன்னவை இங்கே நொண்டாத ஆண்டுகளாகவே நீண்டுவிட்டன. செய்யத்தக்கவற்றைச் செய்யும் காலமும் அதுவே.

பல ஜீன்கள் கூடி விளைவிக்கிற குறை இது. பெற்றோர் இரண்டின் நடையும் குற்றமற்றிருந்தும் குட்டியின் இடுப்பு தளர்ந்திருக்கலாம். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஒரு ஸ்தாபனம், இரண்டு வயது நிறைந்த நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேக்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்துவருகிறது. நம்மூரிலோ குட்டி வாங்குகிறவர் தலையின் பருமனையும் எலும்பின் கனத்தையும் இனச் சான்றிதழையும் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறார். சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. தாய் தகப்பனின் எக்ஸ்ரே எங்கே என்று கேட்பவரை விற்பவர் விநோதமாகப் பார்க்கக்கூடும். ஆயினும் பல்லாயிரம் ரூபாய் கொடுப்பவர் கேட்கத்தக்க கேள்விதான் அது. கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான வேட்டை நாய்களில் இக்குறை மிக அரிது என்பதையும், நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடற்கட்டைச் சேர்ந்தவை என்பதையும், அடுத்த நாயைப் பற்றி யோசிப்போர் நினைவில் வைக்கலாம்.

இடுப்புக்கு அடுத்தது முழங்கால். மனிதனுக்கு முழங்காலின் எலும்புகளை உள்ளே பிணைத்து நிற்கும் குறுக்குப் பிணையம் அறுவது பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில் நேர்கிற விபத்து. நாய்க்கோ அது மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து, ஒரு நாள் சோபாவிலிருந்து இறங்குகிற அற்பக் காரியத்தில் முற்றும் அறுகிறது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, சுமார் 25 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சரிந்திருப்பது இதற்கு ஒரு காரணம்: எடை இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்துவது இந்தச் சிறு பிணையம். பாதி நைந்த நிலையில் நொண்டல் வரும், ஓய்வில் போகும், மீண்டும் வரும். இந்நிலையைக் காட்டிக்கொடுப்பது நடையைக் காட்டிலும் உட்காரும் விதம்: முன்பு இரு கால்களையும் சமமாக மடக்கி உட்கார்ந்த நாய், இப்போது ஒரு முழங்காலை மடக்காமல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு சாய்வாக உட்காரும். பாரி ஸ்லோகம் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர் அறுந்த பிணையத்தைத் தைக்க முயலாமல், எலும்பையே வளைவாக வெட்டிச் சுழற்றி அந்தச் சரிவைக் குறைத்துவிடும் முறையை 1993-இல் வெளியிட்டார். நோயின் காரணத்தைப் பொறியாளரின் கண்கொண்டு பார்த்ததன் பலன் அது. ஒரு முழங்கால் அறுந்த நாய்களில் ஏறத்தாழப் பாதிக்கு, ஓரிரண்டு ஆண்டுகளில் மற்றதும் அறுந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

பொமரேனியன் முதலான சிறு நாய்களின் முழங்கால் சில்லு இடம்விட்டு நழுவுவது வேறு கதை; ஓடுகிறபோது இரண்டு மூன்று எட்டு காலைத் தூக்கிக்கொண்டு, உதறிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடும். ஜெர்மன் ஷெப்பர்ட் இளநாய்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, நீண்ட எலும்புகளின் உள்ளே தோன்றும் ஒருவகை அழற்சியும் உண்டு. இன்று ஒரு கால், மூன்று வாரம் கழித்து வேறொரு கால் என்று மாறி மாறி நொண்டவைத்து, வயது வந்ததும் அது மறைந்துவிடும். தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்களின் வாக்கு மெய்யாகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

கால் மாறி நொண்டுவதற்குச் சென்னையில் இன்னொரு காரணம் உண்டு. அதை முதலில் நினைக்காத வைத்தியர் இவ்வூரில் இருக்கமாட்டார். அது உண்ணி. 1910-இல் பாட்டன் என்னும் விஞ்ஞானி, மெட்ராஸ் ஹன்ட் என்னும் வேட்டைக் கழகத்தின் நாய்களுடைய ரத்தத்தில் உண்ணி பரப்புகிற புதியதோர் ஒட்டுண்ணியைக் கண்டு விவரித்தார். நரியின் ரத்தத்திலும் பிறகு அதைக் கண்டார். இன்று பபீசியா கிப்சோனி என்று உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இடம்பெறும் அக்கிருமி, சிவப்பணுக்களை அழித்துச் சோகையும் காய்ச்சலும் உண்டாக்குவது, முதலில் அடையாளம் காணப்பட்டது நம் சென்னை நாய்களிடத்தில்தான். மூட்டோடு அதைவிட நேரான பகை கொண்டது எர்லிக்கியா கேனிஸ். அல்ஜீரியாவில் 1935-இல் கண்டறியப்பட்டது, அதாவது ஷ்னெல்லே இடுப்பைப் பற்றி எழுதிய அதே ஆண்டு. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஷெப்பர்ட் நாய்களை நூற்றுக்கணக்கில் மாய்த்தது இக்கிருமியே. பழுப்பு உண்ணி கடிக்கும்போது உட்புகுந்து, வெள்ளணுக்களில் குடியேறி, நாயின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. அந்தப் போராட்டத்தில் விளைகிற கூட்டுப் பொருள்கள் மூட்டுகளின் உட்சுவரில் படிந்து, சில நாய்களில் ஒரே சமயத்தில் பல மூட்டுகளை வீங்கச் செய்கின்றன. காய்ச்சல், சோற்றில் மனமின்மை, மூக்கில் ரத்தம், இன்று வலக்கால் நாளை இடக்கால் என்னும் நொண்டல் இவை சேர்ந்து வந்தால், எக்ஸ்ரேக்கு முன் ரத்தப் பரிசோதனை அவசியம்.

சிகிச்சை எளியது: டாக்சிசைக்ளின் மாத்திரை, சாதாரணமாக 28 நாள். நாலைந்து நாட்களிலேயே காய்ச்சல் விட்டு, நொண்டல் நின்று, நாய் பழைய உற்சாகத்துடன் வாலாட்டுகிறது. அத்துடன் மாத்திரையும் நின்றுவிடுகிறது. மிச்சமிருந்த கிருமி மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அடங்கியிருந்து மறுபடி கிளம்புவது இவ்வாறுதான். உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுவதும் அதே வகையான குறுகிய பார்வை. தன் வாழ்நாளில் மூன்று முறை ரத்தம் குடிக்கிற அந்தப் பூச்சி, ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் நாயின் படுக்கைக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு, கடைசியில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அங்கேயே இட்டுச் சாகிறது. நாயின் காது மடலில் கண்ட நான்கு உண்ணிக்குச் சுவரில் எத்தனையோ நானூறு இருக்கும். நம் சீதோஷ்ண நிலையில் அதற்கு ஓய்வு மாதம் கிடையாது. ஆகவே உண்ணி மருந்துக்கும் ஓய்வு மாதம் கூடாது.

இனி வீட்டு மருந்துப் பெட்டி. நாய் தாங்கி நடப்பதைக் காணப் பொறுக்காமல், தமக்கு முதுகு வலிக்கும்போது விழுங்குகிற மாத்திரையில் பாதியை உடைத்து இட்லிக்குள் வைத்துக் கொடுக்கிற தயாளர்கள் உண்டு. டைக்ளோபினாக்கும் இபுபுரூபனும் நாயின் இரைப்பையில் புண்ணையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் ரத்தத்தையும் பாதிக்கும். நாய்க்கென்று உள்ள மெலாக்சிகாம், கார்ப்ரோபென் முதலியவற்றைக்கூட எடையைப் பார்த்து, ரத்தத்தைச் சோதித்து, வைத்தியர்தாம் அளந்து கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசியோடு அவற்றைச் சேர்ப்பது ஆபத்து. டைக்ளோபினாக் கொடுக்கப்பட்ட மாடு செத்தபின் அதன் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்பது 2004-இல் வெளியாகி, 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்ததும், அதற்கு மாற்றாகக் கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் முன்வைக்கப்பட்டதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுக்கும் பெரும்பாக்கத்து நாய்க்கும் ஒரே மாத்திரை நல்லதாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும் இனிய தற்செயல்.

மருந்தை விடச் சோற்றுத் தட்டு வலியது என்பதற்கு நாய்களில் கிடைத்திருக்கும் சான்றைப்போல் நீண்டதும் தெளிவானதும் வேறெந்தச் செல்லப் பிராணியிடத்திலும் எளிதில் அகப்படாது. 48 லாப்ரடார் குட்டிகளை உடன்பிறப்புகளாக இணை சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து, ஆயுள் முழுவதும் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றினது 11.2 ஆண்டு. இடுப்பு மூட்டுவாதம் எக்ஸ்ரேயில் தென்பட்ட இடைநிலை வயதோ, நிறையத் தின்றவற்றுக்கு 6, அளவாகத் தின்றவற்றுக்கு 12. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு. வித்தியாசம் தட்டில் மட்டும்தான். ஏற்கெனவே நொண்டுகிற பருத்த நாய்களிலும், எடையில் 6 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தபோதே நடை தேறியது வேறொரு சோதனையில் அளந்து காணப்பட்டிருக்கிறது. 35 கிலோ லாப்ரடாருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம் குறைத்தால் போதும் என்று இதற்குப் பொருள். உள்ளங்கையை விலாவின் மேல் லேசாக ஓட்டினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். நம் வீடுகளில் நாயின் விலாவைத் தேடுவதற்கு அழுத்த வேண்டியிருக்கிறது. காலைப் பிஸ்கட்டும், பாட்டி ரகசியமாக ஊட்டும் தயிர்சாதமும், குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்த சப்பாத்தியும் கணக்கில் வருவதில்லை.

குட்டிப் பருவத்தின் தவறு வேறு வகை. பெரிய இனக் குட்டிக்கு எலும்பு வலுவாக வேண்டுமென்று கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுவது இங்கே சர்வ சாதாரணம். நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் கொடுத்து ஆராய்ந்தபோது, எலும்பு வலுவாவதற்கு மாறாக, அதன் வளர்ச்சியே கோணலாயிற்று. குடலில் உறிஞ்சப்படும் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் திறம் இளங்குட்டிக்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. சமச்சீராகத் தயாரித்த குட்டி உணவைத் தின்னும் நாய்க்குச் சிரப் வேண்டியதில்லை. எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டுமே தின்று வளர்கிற குட்டிக்கோ நேரெதிரான ஆபத்து: அதில் பாஸ்பரஸ் பன்மடங்காகவும் கால்சியம் மிகச் சொற்பமாகவும் இருப்பதால், உடல் தன் எலும்பையே கரைத்துக் கடன் வாங்குகிறது; கால் வளைகிறது, சிறு குதிப்பிலும் எலும்பு முறிகிறது. கடைகளில் விற்கும் குளுக்கோசமின் பொடிகளுக்கு ஆதாரம் மெலிவாகவே இருக்கிறது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்புக்கு அதைவிட நல்ல ஆதாரம் உண்டு.

வீட்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். பெரும்பாக்கம் மாடிகளின் ஊர். எட்டு மாடிக் குடியிருப்புகளும் அதற்கு மேல் உயர்ந்தவையும் அடுத்தடுத்து நிற்கின்றன, லிஃப்ட் ஓடாத நாளில் நாயும் படியேறித்தான் ஆக வேண்டும். நார்வே நாட்டில் நான்கு பெரிய இனங்களைச் சேர்ந்த சுமார் 500 நாய்களைக் குட்டியிலிருந்து பின்தொடர்ந்த ஆராய்ச்சியில் (2012), பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறியிறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் குறை அதிகமாகவும், மேடுபள்ளமான மிருதுவான மண்ணில் தளையின்றி ஓடித் திரிந்தவற்றுக்குக் குறைவாகவும் காணப்பட்டது. சிறு குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்குவது செல்லம் கொடுப்பதாகாது. வீட்டினுள்ளே பளபளக்கும் டைல்ஸ் தரை வேறு. படுத்திருந்த நாய் எழுந்திருக்கும்போது கவனித்தால், முன்னங்கால்கள் ஊன்றியபின் பின்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கி விரிவதும், அது ஒரு கணம் தவித்து, நகத்தால் தரையைக் கீறிக்கொண்டு எழுவதும் தெரியும். நாளொன்றுக்கு இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் இல்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்த் தட்டு வரை தேங்காய் நார் மிதியடிகளையோ ரப்பர் விரிப்பையோ ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, பாதத்து மயிரையும் நகத்தையும் வெட்டி வைத்தால், நூறு ரூபாய்க் காரியத்தில் ஆயிர ரூபாய்ப் பயன் உண்டு.

நடை விஷயத்தில் ஒழுங்கே பெரிது. ஐந்து நாள் வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்குக் காரில் கொண்டுபோய், ஆழ மணலில் பந்தெறிந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால், திங்கட்கிழமை காலை நொண்டல் திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை. தினமும் இரு வேளை, ஒரே அளவாக, கயிற்றில் பிடித்த நிதான நடைதான் மூட்டுக்கு ஏற்றது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இப்பக்கத்துத் தெருக்களில் வெள்ளம் நின்றதுபோன்ற காலங்களில் நடை நின்றுபோகத்தான் செய்யும்; தண்ணீர் வடிந்ததும் பழைய தூரத்தை ஒரே நாளில் பிடிக்க முயலாமல், சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

எந்தச் சிகிச்சையானாலும் அது பலித்ததா என்று தீர்மானிப்பது யார்? இங்கேதான் பெரிய இடறல் இருக்கிறது. மூட்டுவாதத்தால் நொண்டிய 58 நாய்களை, மருந்தென்று சொல்லி வெறும் மாத்திரை கொடுத்துக் கவனித்த ஓர் ஆராய்ச்சி 2012-இல் வெளியாயிற்று. நாய் ஊன்றும் விசையைத் தரையில் பதித்த கருவி தனியே அளந்தது. கருவி மாற்றமில்லை என்று காட்டிய நாய்களிலும் பலவற்றைத் தேறிவிட்டதாக எஜமானர்கள் சொன்னார்கள். வைத்தியர்களும் அவ்வாறே ஏமாந்தார்கள் என்பதுதான் விசேஷம். அன்பு கண்ணை மறைக்கிறது என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் தானே ஏறி இறங்கும் நோயில், ஏறிய நாளில் மருந்து தொடங்கி, இறங்கிய நாளில் மருந்தைப் புகழ்கிற தர்க்கப் பிழைதான் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். தைலம், தாயத்து, விலையுயர்ந்த பொடி யாவும் இந்த இறக்கத்தின் கூலியைத்தான் பெற்றுக்கொள்கின்றன.

வைத்தியரின் அறையிலோ நாய் நொண்டுவதேயில்லை. "வீட்டுல நல்லா நொண்டுச்சு டாக்டர், இங்க வந்ததும் ஓடுது" என்று எஜமானர் வெட்கத்துடன் சொல்வதை மேடவாக்கத்திலும் தாம்பரத்திலும் உள்ள நாய் வைத்தியர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். புதிய வாசனைகளும் அச்சமும் உடலில் கிளப்பிவிடுகிற பரபரப்பில் வலி சற்று நேரம் அமுங்கிவிடுகிறது. 1903-இல் தொடங்கி, இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-இல் உருவானபோது அதன் அங்கமாகிவிட்ட வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனைக்கு, இருபது கிலோமீட்டருக்கும் மேலான தூரம் நாயை ஏற்றிச் செல்ல ஆட்டோவை மன்றாடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபின், அங்கே அது பந்தயக் குதிரையாக நடந்து காட்டினால் வைத்தியர் என்ன செய்வார்? மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்தபின் முழங்காலை அசைத்துப் பிணையத்தைச் சோதிப்பார். பின்னங்கால்களை நீட்டிப் பிடித்து இடுப்பை எக்ஸ்ரே எடுப்பார். ஆனால் படத்தில் மூட்டு மோசமாகத் தோன்றும் நாய் சுகமாக ஓடுவதும், படத்தில் சிறிதே கெட்ட மூட்டுடைய நாய் வலியில் துடிப்பதும் உண்டு ஆகையால், எக்ஸ்ரே தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. நடையும் வேண்டும். அதைக் கைப்பேசியில் எடுத்துச் செல்வது எளிது: விடியற்காலையில் படுக்கையிலிருந்து நாய் எழும் கணத்திலிருந்து தொடங்கி, டைல்ஸ் அல்லாத தரையில், வேறொருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடத்த, பக்கவாட்டிலிருந்து ஒன்றும், எதிர்வருவதாகவும் விலகிப்போவதாகவும் ஒன்றும், நாயின் உயரத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும்; நொண்டல் இல்லாத நாளொன்றிலும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே போல் எடுத்து, இரண்டின் மேலும் தேதியைக் குறித்துக்கொண்டு போனால், வைத்தியருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நடைகள் கிடைக்கும்.